பி. என். ஊலே என்று நான் எழுதினேன்

1

பம்பாயில் ஒரு மனிதனுக்கு மூன்று பெயர் வேண்டும். சொந்தப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். மராட்டியரும் குஜராத்திகளும் பிறக்கும்போதே மூன்றையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். நம்மைப் போன்ற தெற்கத்தியார்தான் இரண்டு இங்கிலீஷ் எழுத்தையும் ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் என். எம். ஞானமுத்து. 'என்' என்பது ஊர் நாசரேத், 'எம்' என்பது அப்பா மாசிலாமணி. இருபத்து மூன்று வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

போன வாரம் என் மூத்தவள் எஸ்தர் மெட்ரிகுலேஷன் பரீட்சை விண்ணப்பத்தைக் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் கட்டத்தில் எஸ்தர். இரண்டாவதில் ஞானமுத்து. மூன்றாவது கட்டத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'ப்ரெக்கே' என்று எழுதியிருந்தாள்.

"இத யாரு எழுதச் சொன்னது?" என்றேன்.

"யாரும் இல்லப்பா. அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபார்ம் வாபஸ் வந்துடும்னு டீச்சர் சொன்னாங்க. தாத்தாவோட காகிதத்துல இந்தப் பேர் இருந்துச்சு. நல்லாருக்குல்ல? அச்சா ஹை, நா?"

நாளைக்குப் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு அது ஒரு கட்டம், நிரப்பிவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் இதே பெயரை இதே இடத்தில் எழுதியிருந்தால், என் மாமனார் முள்வேலிக்குள் செத்திருக்க மாட்டார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு இந்தப் பத்திரிகையில் ரேஷன் கடையைப் பற்றியும், லோக்கல் ரயிலில் தொங்குவதைப் பற்றியும், செம்பூருக்கு வந்து இறங்கியிருக்கும் அகதிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். சிரித்தீர்கள், கடிதம் போட்டீர்கள். இந்தத் தடவை சிரிக்க அதிகம் இராது.

2

என் மாமனாரைத் தாராவியில் 'பாய்லர் துரை' என்பார்கள். துரை என்றதும் தொப்பியும் பங்களாவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கொதிகலனுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், வெந்து செங்கல் நிறமாகிப்போன உடம்பு, நாலு முழ வேட்டி, வாயில் பீடி. நார்வே தேசத்துக்காரர். பெயர் ஊலே.

இருபத்தைந்து வயதில் ஒரு ஜெர்மன் கப்பலில் மாலுமியாகப் பம்பாய் வந்தார். வந்த இடத்தில் காலரா கண்டது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. பிழைத்து எழுந்தவர் ஊர் திரும்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்த தூத்துக்குடிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தாராவியில் உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு ஒரே மகள், மார்த்தாள். அவளைத்தான் நான் கட்டினேன். கட்டும்போது என் வீட்டார், வெள்ளைக்காரன் மகள் என்று ஒரு பக்கம் பெருமையும், குலம் கோத்திரம் தெரியாதவன் மகள் என்று மறுபக்கம் முணுமுணுப்புமாக இருந்தார்கள்.

தமிழை அவர் தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டார். அதனால் கெட்ட வார்த்தை முதலில் வந்தது, மற்றதெல்லாம் பிறகு வந்தது. மருமகன் என்று எனக்குத் தனி மரியாதை ஒன்றும் கிடையாது.

"ஏன் மாமா, ஊருக்குப் போகணும்னு தோணவே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எலே மாப்ள, அங்க குளிரு. இங்க உங்க அத்தை இருந்தா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பிறந்த இடத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். இன்னும் வற்புறுத்திக் கேட்டால் மேட்டில் வீடு, பள்ளத்தில் தண்ணீர் என்பார். கடிதம் வந்ததில்லை, போட்டதுமில்லை. தன் பாஷையையே மறந்துவிட்டேன் என்பார். கரி அள்ளும்போது எத்தனை மண்வெட்டி என்று எண்ணுவதை மட்டும் அந்தப் பாஷையில் எண்ணுவார். அத்தை போனபிறகு எங்களோடு மாட்டுங்கா லேபர் கேம்பில், ஒற்றை அறையில், வந்து தங்கினார். நாங்கள் நால்வர், அவர் ஐந்தாவது. கால் நீட்டினால் வாசலுக்கு வெளியே போகும்.

3

யுத்தம் வந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்நிய தேசத்தாரை எல்லாம் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். மாமாவிடம் இருந்த ஒரே காகிதம் அந்தப் பழைய ஜெர்மன் கப்பலின் சான்று. அதில் தேசம் எழுதும் மூலை கிழிந்துபோயிருந்தது.

பதிவு செய்த இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். கெட்டவர் அல்ல. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இவரை ஜெர்மானியர் என்றுதான் நான் எழுத முடியும். எழுதினால் எதிரி தேசத்தாரை அடைத்துவைக்கும் காம்புக்கு அனுப்ப வேண்டும்" என்றார். "கோட்டைப் பக்கம் நார்வே கப்பல்காரர்களின் காரியம் பார்க்கிற ஆபீஸ் இருக்கிறது. அவர்களிடம் பழைய மாலுமிகள் புத்தகம் இருக்கும். இவர் நார்வேயில் பிறந்தவர் என்று ஒரு வரி வாங்கி வா. நான் இதை அடித்துவிடுகிறேன். பத்து நாள் தருகிறேன்."

ஒரு வரி. எனக்கு அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. நான் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. விண்ணப்பம் எழுதுவது எனக்குச் சாப்பிடுவது மாதிரி. அன்று சாயங்காலமே காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாமா எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்க பேரு ஊலே. உங்க அப்பா பேரு?"

"நில்ஸ்."

"ஊரு?"

"ப்ரெக்கே."

ஊர் முதலெழுத்து, தகப்பன் முதலெழுத்து, பிறகு பெயர். பி. என். ஊலே. நம் ஊரில் பிறந்த எந்தக் குமாஸ்தாவும் இப்படித்தான் எழுதியிருப்பான். வாசித்துக் காட்டினேன்.

"அது ஆருலே?" என்று மாமா சிரித்தார்.

"நீங்கதான் மாமா."

"எங்கூர்ல பேர மொதல்ல சொல்லுவோம். பொறவு அப்பன், பொறவு எடம். ஊலே நில்சன் ப்ரெக்கே. அப்படியே முழுசா எழுது மாப்ள."

பம்பாய்க்காரர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த மூன்று பெயர் வழக்கத்தின்மேல் எனக்கு இளக்காரம் இருந்தது. மூன்று பெயர் என்ன பெரிய சங்கதி, நம் முறைதான் சுருக்கம், நம் முறைதான் லட்சணம் என்று ஒரு திமிர்.

"கவர்மெண்டுக்கு எழுதுறதுக்குன்னு ஒரு முறை இருக்கு மாமா. நான் தினம் இதத்தான செய்யுதேன்," என்றேன்.

"சரி, நீ படிச்சவன்" என்று கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

மறுநாள் அந்த ஆபீசுக்குப் போனேன். அவர்கள் தேசம் பறிபோய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒதுங்க இடமில்லாத கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. துரைமார்கள் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். ஆபீசில் ஒரு கோவாக்காரக் குமாஸ்தா மட்டும் இருந்தார். மரியாதையாக உட்காரச் சொல்லி, பழைய புத்தகத்தை எடுத்து, நான் கொடுத்த பெயரின் கடைசி வார்த்தையைப் பார்த்து, இங்கிலீஷில் ஊலே தொடங்கும் 'ஓ' பக்கத்தைப் புரட்டினார். இல்லை. எனக்காக மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தார். இல்லை. கேட்டதைத்தான் அவர் தேடினார். அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. 'பி. என். ஊலே என்ற பெயரில் மாலுமி எவரும் எங்கள் பதிவில் இல்லை' என்று டைப் அடித்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை என் கையாலேயே கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். கொடுக்காமலாவது இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. மாமா பல வருஷத்துக்குப் பிறகு பேண்ட் போட்டுக்கொண்டார். ஏழு வயது எஸ்தர் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். லேபர் கேம்பே திரண்டு நின்றது. மார்த்தாள் அவர் கையை விடவில்லை.

"அழாதட்டி," என்றார் மாமா. "தப்பா எழுதிட்டானுவ. உம் மாப்ள திருத்திருவான்."

4

திருத்துவதற்கு எனக்குப் பதினாலு மாதம் ஆயிற்று.

அந்தப் பதினாலு மாதமும் என் பிழைப்பில் ஒரு மாற்றமும் இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. காலையில் குழாயடியில் வரிசை, ரயில், ஆபீஸ், வெங்காயம் இத்தனை மூட்டை, உருளைக்கிழங்கு இத்தனை மூட்டை, ரயில், வீடு. காம்பிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது, நாலு வரி. சுகமாயிருக்கிறேன், பீடி கிடைக்கவில்லை, பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும். மார்த்தாள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள். எங்கள் சின்னவன் ராஜன், அவனுக்கு அப்போது நாலு வயது, தாத்தா எங்கே என்று இந்தியில் கேட்பான். "ஜெர்மனி கயா", ஜெர்மனி போய்விட்டார் என்று பக்கத்து அறைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நான் மனு மேல் மனு போட்டேன். மேலதிகாரிக்கு, அதற்கு மேலதிகாரிக்கு, மறுபடி அந்த நார்வே ஆபீசுக்கு. மொத்தம் ஐந்து. ஐந்திலும் பி. என். ஊலே. ஐந்துக்கும் ஒரே பதில்.

பிறகு ஒருநாள் எங்கள் கம்பெனிக்கு ஒரு நார்வேக் கப்பலின் சமையல்காரர் சாமான் எடுக்க வந்தார். நல்ல தடியான மனிதர். ரசீதில் கையெழுத்துப் போடும்போது நீளமாக மூன்று பெயர் எழுதினார். எனக்கு ஏதோ உதைத்தது. இதில் உங்கள் பெயர் எது என்று கேட்டேன். அரைகுறை இங்கிலீஷில் சொன்னார்:

"முதலில் இருப்பது நான். நடுவில் இருப்பது என் தகப்பன். கடைசியில் இருப்பது எங்கள் பண்ணை, நான் பிறந்த இடம். வேறு பண்ணைக்குக் குடிபோனால் கடைசிப் பெயரும் மாறிவிடும். பழைய ஆட்கள் அப்படித்தான்."

"அப்படியானால் என் மாமனார் இப்போது ஊலே நில்சன் தாராவி" என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"உங்கள் மாமனாரா? எங்கள் நாட்டுக்காரரா? யாருடைய மகன்? எந்தப் பண்ணை?" என்று அவர் பரபரத்தார். நான் இழுப்பறையைத் திறந்து என் மனுவின் நகலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆள் பெயரைக் கடைசியில் போட்டு மற்றதைச் சுரண்டி எடுத்துவிட்டீர்கள்? இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஒரு நாயைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் அவரையும் இழுத்துக்கொண்டு அந்த ஆபீசுக்கு ஓடினேன். அதே குமாஸ்தா, அதே புத்தகம். இந்தத் தடவை 'பி' பக்கம். மூன்றாவது வரி. ப்ரெக்கே, ஊலே நில்சன். காலரா, ஆஸ்பத்திரியில் விடப்பட்டவர். தகப்பன் நில்ஸ், தாய் மார்த்தே. பிறந்த இடம் ஹெல்லவிக் சர்ச்சின் சேகரம், ப்ரெக்கே பண்ணை.

மை மங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. ஐந்து மனுவின்போதும் இருந்திருக்கிறது.

கோவாக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் 'ஓ'வில் அல்லவா தேடச் சொன்னீர்கள்?" என்றார், மெதுவாக. சமையல்காரர் சந்தோஷத்தில் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

5

ஒரு வரி கிடைத்தது. அது மேலே போய்க் கீழே வர மூன்று வாரம் ஆயிற்று. விடுதலை உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துப் பையை ஊசி குத்திக்கொண்டு நானும் மார்த்தாளும் ரயிலேறினோம். புனாவையும் தாண்டிப் போய், அப்புறம் பஸ். மார்த்தாள் மீன் வறுத்து எடுத்து வந்திருந்தாள். பீடிக் கட்டு நான்கு. தாய் பெயர் மார்த்தே என்று நான் சொன்னதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. "எனக்கு அவுக அம்மா பேரையா வச்சிருக்காக? ஒரு நாளாவது சொன்னாகளா பாத்தீங்களா? வரட்டும், கேக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

காம்பில் எங்களை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். எட்டு நாளைக்கு முன் பக்கவாதம் வந்திருந்தது. தந்தி கொடுத்ததாகச் சொன்னார்கள்; எங்களுக்கு வந்து சேரவில்லை.

ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கண் தெளிவாக இருந்தது. பேச்சும் இருந்தது, நிற்காமல் பேசினார். ஆனால் அதில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மறந்துவிட்டேன் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவந்த அந்தப் பாஷை முழுதாகத் திரும்பி வந்து, இங்கே கற்றது எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டது.

"யப்பா, நான் மார்த்தா வந்திருக்கேம்பா. வீட்டுக்குப் போலாம்பா. காயிதம் வந்துட்டு."

அவர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். மரியாதையாக, அந்நியரைக் கேட்பதுபோல். மறுபடியும் அதையே கேட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜெர்மன் மாலுமி, நார்வேத் துறைமுகங்களில் திரிந்தவராம், படுத்திருந்தார். என்னைப் பார்த்து இங்கிலீஷில், "இந்தப் பெண் யாருடைய மகள் என்று கேட்கிறார்" என்றார்.

அதை மார்த்தாளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கும் இங்கிலீஷ் தெரியும்.

"உங்க மவதாம்பா, உங்க மவதான்" என்று அவர் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா, தெரியாது. ஐந்து நாள் இருந்தார். ஐந்து நாளும் பேசினார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்கு விளங்கவில்லை. ஜெர்மன்காரரும் எல்லாம் புரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஆறாம் நாள் காலையில் அங்கேயே அடக்கம் செய்தோம். விடுதலை உத்தரவு என் பையில் இருந்தது, ஊசி குத்தியபடி.

திரும்பும் ரயிலில் மார்த்தாள் கேட்டாள்: "புத்தகத்துல பேரு அங்கயே இருந்துதுன்னா, ஏன் இவ்வளவு நாளாச்சு?"

"யுத்தம்" என்றேன்.

6

யுத்தம் முடிந்ததும் ஹெல்லவிக் சேகரத்துக் குருவானவருக்கு எழுதினேன். இந்தத் தடவை பெயரை முழுசாக எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஞானஸ்நானப் புத்தகத்தின் நகலோடு. மாமா பிறந்த நாள், ஞானத்தாய் தகப்பன் பெயர்கள், எல்லாம் இருந்தன. ஓரத்தில் யாரோ பழைய குருவானவர் எழுதியிருந்த குறிப்பையும் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்: 'கடலுக்குப் போனான். செய்தி இல்லை.' பண்ணை இன்னும் இருக்கிறதாம். தம்பி மகன் உழுகிறானாம். ஒரு போட்டோவும் வைத்திருந்தார்கள். மேட்டில் வீடு, பள்ளத்தில் தண்ணீர். ராஜன் அதைப் பார்த்துவிட்டு, புனா போகும் வழியில் உள்ள மலையூரை நினைத்து, "இது கண்டாலாவா பா?" என்று கேட்டான். எஸ்தர் மூன்றாவது கட்டத்தை நிரப்பியது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்.

அவள் படிவத்தில் மறுநாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மார்த்தாளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க வராது. அவள் படித்ததெல்லாம் இங்கிலீஷும் மராட்டியும். நான் உங்களுக்கு எழுதுவதை எல்லாம் தபாலில் போடும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இதை மட்டும் வாசிக்காமல் அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதினேன். அச்சில் வந்தாலும் எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் அந்தத் தைரியமே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, அவள் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். அவள் அப்பாவின் பேச்சு வந்த இடங்களில் சிரித்தாள். நான் முதலெழுத்துப் போட்ட இடத்தில் கை நின்றது. 'யுத்தம் என்றேன்' என்பதோடு நான் நிறுத்தினேன்.

"மேல வாசிங்க" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"எட்டு வருசமா நான் ஜெர்மன்காரன வஞ்சுகிட்டுக் கெடந்தேன். அன்னைக்கு ரயில்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே உங்கள வஞ்சு, அழுது, தீத்திருப்பேன். இப்ப மறுபடியும் மொதல்லருந்து அழணும்."

சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமைத்தாள், பரிமாறினாள், பிள்ளைகளோடு பேசினாள். என்னிடமும் உப்பு போதுமா என்று கேட்டாள்.

இன்றோடு நாலு நாள். அவள் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.